ஆகாசத்து அரிசி

அந்தப் பாட்டுத் தாளின் வலது மூலையில் ஒரு பச்சை ஸ்டிக்கர் இருந்தது. பத்து ரூபாய் நாணயத்தின் அகலம். அதன்மேல் கறுப்பு மையில் சின்னதாக ஒரு கையெழுத்து. உதிரி பாகங்களைப் பரிசோதித்து, குறை இல்லை என்று கண்டபின் பெட்டியின் மேல் ஒட்டுவதற்குக் கம்பெனிகளில் வைத்திருப்பார்களே, அதே மாதிரி. ஆனால் கம்பெனியிலிருந்து எடுத்து வந்தது இல்லை. வேலை செய்யும் இடத்துப் பொருள் ஒரு குண்டூசிகூட மாதா கோயிலுக்குள் வரக்கூடாது என்று, ஸ்டேஷனரிக் கடையில் தன் காசைக் கொடுத்து, எங்கள் பாடகர் குழுவை நடத்திய அக்கா வாங்கி வைத்திருந்தார். ஒரு பாட்டு எங்கள் குழுவுக்கு நன்றாகப் பழகிவிட்டது, இனிப் பூசையில் பாடலாம் என்று அவருக்குத் திருப்தியானால்தான் அந்தப் பச்சை விழும். அதில் ஒன்று தப்பான தாளில் விழுந்தது. விழ வைத்தவன் நான். அதனால் பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பு அவர் கையை விட்டுப் போனது. ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் என் மேல்தான்.

அவரை நாங்கள் எல்லோரும் இன்ஸ்பெக்சன் அக்கா என்று கூப்பிடுவோம். ஓசூர் சிப்காட்டில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பரிசோதனைப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இங்கே வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அந்தப் பேச்சு போகவில்லை. ஒத்திகையில் நாங்கள் பாடும்போது கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்துக் கேட்பார். முடிந்ததும் மூன்று சொற்களில் ஒன்றைச் சொல்வார். ஓகே. ரீவொர்க். ரிஜெக்ட். ரீவொர்க் என்றால் தேய்த்துச் சரி செய்துகொள்ளலாம் என்று அர்த்தம். ரிஜெக்ட் என்றால் அந்த வரியையே விட்டுவிட்டு வேறு மாதிரி பாட வேண்டும். யாராவது முகம் சுளித்தால், "ஆளை ரிஜெக்ட் பண்ணலைங்க, வரியத்தான் பண்ணுதேன். ஆளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுறது மேல இருக்கவரு வேலை" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் சொன்ன சொல்லை மாற்ற மாட்டார். கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர் மனைவியையே இரண்டு மாதம் ரீவொர்க்கில் வைத்திருந்தார். மூன்றாவது மாதம் அந்த அம்மாள் வருவதை நிறுத்திக்கொண்டார். இது பிறகு நடந்ததற்கு ஒரு காரணம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான் அந்தக் கோயிலின் தோட்டக்காரன். சொந்த ஊர் தேன்கனிக்கோட்டை தாண்டி ஒரு கிராமம். ஐந்தாம் வகுப்பு முடித்ததும் அங்கே கன்னடம் பேசும் விவசாயக் குடும்பங்களின் கொல்லைகளில் வேலைக்குப் போனேன். பிறகு ஓசூரில் ரோஜாப் பூக் கொட்டகைகளில் சில வருடம். அதன் பிறகு இந்தத் தோட்டம். கன்னடத்தை நான் எழுத்தாகப் பார்த்துப் படித்தது கிடையாது. களை எடுக்கும்போதும் ராகி அறுக்கும்போதும் காதில் விழுந்து நாக்கில் ஏறியது. கூச்ச சுபாவம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கடையில் சில்லறை குறைவாகக் கொடுத்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். பாடகர் குழுவில் மட்டும் எனக்குக் கஷ்டம் இல்லை. பத்துப் பதினைந்து பேருடைய குரலுக்குள் என் குரலை வைத்துவிடலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் என் இடம். நான் அவரை அக்கா என்பேன். அவர் தங்கள் ஊர் வழக்கப்படி என்னை அண்ணாச்சி என்பார். எங்கள் இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

அந்த வருடம் தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருக்கும் ஒரு பங்கின், அதாவது இன்னொரு மாதா கோயிலின், மக்கள் எங்கள் கோயிலுக்கு விருந்தாக வருவதாக ஏற்பாடு. பூசை முடிந்ததும் தோட்டத்தில் கூட்டம், பிறகு சாப்பாடு. அவர்களுக்காக ஒரு கன்னடப் பாட்டு பாட வேண்டும் என்று அக்கா முடிவு செய்தார். அவர்களுடைய பங்கில் இருந்த ஒரு கன்னியாஸ்திரி, தானே கட்டிய சின்னப் பாட்டு ஒன்றைப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எங்கள் குழுவில் பாதிப்பேர் வேலைக்காகத் தெற்கு ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள். மீதிப்பேரில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருந்தார்கள். கன்னடம் என்றால் நான்தான். "அண்ணாச்சி, கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்துல எழுதிக் குடுங்க. நாங்க பாத்துப் படிச்சிருவோம்" என்று போனை என் கையில் கொடுத்தார். ஒரு வேலையை நம்பி என்னிடம் மட்டும் கொடுத்தது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இரண்டு நாள் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து எழுதினேன். போனைக் காதில் வைப்பது, நிறுத்துவது, ஒரு சொல் எழுதுவது, மறுபடியும் போடுவது. முதல் வரிக்கு அர்த்தம், ஆகாயத்துப் பறவைகளே எங்களோடு பாடுங்கள் என்பது. நான் எழுதியது இப்படி: ஆகாசத அக்கிகளே, நம்ம ஜொதெ ஆடிரி. எழுதி முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டைப் போட்டுக் கேட்டார். இரண்டாவது முறையும் கேட்டார்.

"இந்த எடத்துல சிஸ்டர் என்னமோ இழுக்காங்களே அண்ணாச்சி. 'ஹ' மாதிரில்லா கேக்கு."

"அது மூச்சுக்கா. பாட்டுல மூச்சு வருமில்ல."

"நிச்சயமாவா?"

"எங்க ஊர்ப்பக்கம் அக்கின்னுதாங்கா சொல்வாங்க."

அவர் போனை நிறுத்தினார். பிறகு, "சரி. கன்னடத்துக்கு அண்ணாச்சிதான் கேஜ். கேஜ் சொன்னா சரிதான்" என்று சொல்லிப் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். கேஜ் என்பது அவர்கள் கம்பெனியில் அளவு பார்க்கும் கருவி. பாகத்தை அதில் நுழைத்துப் பார்ப்பார்கள். பொருந்தினால் நல்லது, பொருந்தாவிட்டால் குறை. என் வாழ்க்கையில் ஒரு விஷயத்தை நான் தயங்காமல், அடித்துச் சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான். அதுவும் தப்பு.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். கன்னடத்தில் ஹக்கி என்றால் பறவை. அக்கி என்றால் அரிசி. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் பேச்சில் ஹ என்ற எழுத்தே வராது. பாலை ஆலு என்பார்கள், பூவை ஊவு என்பார்கள். பறவையும் அக்கிதான், அரிசியும் அக்கிதான். எதைச் சொல்கிறார்கள் என்பது சூழ்நிலையில் தெரிந்துவிடும். கதிரின் மேல் உட்கார்ந்திருந்தால் பறவை, முறத்தில் இருந்தால் அரிசி. அதே மாதிரி ஹாடிரி என்றால் பாடுங்கள். ஆடிரி என்றால் ஆடுங்கள். நான் வளர்ந்த கன்னடத்தில் எழுதினேன். சரியான கன்னடத்தில் அதைப் பாடினால், ஆகாசத்து அரிசிகளே எங்களோடு ஆடுங்கள் என்று ஆகிவிடும். இரண்டு வாரம் அந்தப் பாட்டை ஒத்திகை பார்த்தோம். அக்கா எங்களைக் கொஞ்சமாகவா தேய்த்தார். அக்கிகளே என்பதில் 'க்கி' அழுத்தமாக, ஒரே நேரத்தில் விழ வேண்டும் என்று ஒரு சாயங்காலம் முழுக்க அதை மட்டுமே பாட வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பனி விலகி வெயில் வந்தும் குளிர் போகவில்லை, வந்தவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. கம்பெனிகளுக்கு விடுமுறை என்பதால் சாலையில் லாரி சத்தம் இல்லை. கல்யாண முருங்கை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு சிவப்பாகப் பூத்திருந்தது. மைனாவும் கொண்டைக்குருவியும் பூவுக்குள் தலையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தன. வேலி ஓரத்துச் சருகில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று, ஏழெட்டு இருக்கும், வழக்கம் போல ஒன்றையொன்று திட்டிக்கொண்டு தத்தித் தத்திப் போனது. செம்பருத்தியில் தேன்சிட்டு. எங்கேயோ ஒரு குயில், குளிர்காலம் முழுக்க வாய் திறக்காமல் இருந்தது, அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூவிப் பார்த்தது. பாதியில் நின்றுவிட்டது. தோட்டம் அவ்வளவு நன்றாக இருந்த நாள் எனக்கு வேறு நினைவில்லை. வரப்போகிறவர்களுக்காக மூன்று வாரம் ரோஜாவை அளவு பார்த்துக் கவாத்து செய்திருந்தேன். இவ்வளவு பறவைகளை வைத்துக்கொண்டு பறவைகளைக் கூப்பிட்டுப் பாடப்போகிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

தமிழ்ப் பாட்டு முடிந்தது. தெலுங்குப் பாட்டு முடிந்தது. பிறகு அக்கா கையை உயர்த்தினார். நாங்கள் பதினைந்து பேரும் ஒரே குரலில், துளிக்கூடப் பிசகாமல், ஆகாசத்து அரிசிகளை ஆட வரும்படி அழைத்தோம். முதல் வரியில் விருந்தினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது தடவை அதே வரி வந்தபோது பெண்கள் பக்கம் சேலை முந்தானைகள் வாய்க்குப் போயின. மூன்றாவது தடவைக்குள் அந்தப் பாட்டைக் கட்டிய கன்னியாஸ்திரியே தலையைக் குனிந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பாட்டு நன்றாகப் போய்ச் சேர்கிறது, சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து நாங்கள் இன்னும் சத்தமாகப் பாடினோம். அக்காவின் முகம் மட்டும் மாறியது. அந்தக் காது ஏமாறாது. கை தாளத்தை விடவில்லை, கண் என்னைத் தேடியது. நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பழகியவன். தோட்டத்தில் தூண் இல்லை.

முடிந்ததும் வயதான ஒரு விருந்தினர் அம்மாள் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "யார மதுவெ அப்பா?" என்று கேட்டார். யாருக்குக் கல்யாணம் என்று அர்த்தம். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை என்றதும், ஆகாயத்தில் அரிசி ஆடுவது அட்சதை போடும்போதுதானே என்று கன்னடத்தில் விளக்கிச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஹக்கி, அக்கி என்று இரண்டையும் சொல்லிக் காட்டினார். தன் வாய்க்கு முன்னால் என் உள்ளங்கையைப் பிடித்து வைத்தார். ஹக்கி என்னும்போது கையில் சூடாகக் காற்று பட்டது. அக்கி என்னும்போது படவில்லை. வந்தவர்கள் ஒருவர்கூட வருத்தப்படவில்லை. போகும்போது அக்காவைக் கட்டிப் பிடித்துவிட்டுத்தான் வண்டி ஏறினார்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த ஞாயிறு பேரவைக் கூட்டத்தில் இது வேறு மாதிரி பேசப்பட்டது.

அந்தக் கூட்டம் தோட்டத்தில்தான், சப்போட்டா மரத்தடியில் நாற்காலி போட்டு நடந்தது. பாடகர் குழுவையும் வரச் சொல்லியிருந்தார்கள். பங்குச் சாமியார் ஊருக்குப் புதியவர், எல்லாவற்றையும் செயலாளர் பக்கம் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரப்பர் குழாயைக் கையில் பிடித்தபடி ரோஜாப் பாத்திக்கு இந்தப் பக்கம் நின்றேன். செயலாளர் பாட்டுத் தாளை மடியில் வைத்திருந்தார்.

"வந்தவங்க முன்னாடி நம்ம பங்கு மானம் போச்சுங்க. இதை யாரு எழுதுனது?"

அக்காதான் எழுந்தார்.

"பச்சை ஒட்டுனது நான். கையெழுத்து என்னுது."

"எழுதுனது யாருன்னு கேட்டேன்."

"எங்க வேலைல அப்படிக் கேக்க மாட்டாங்க சார். செஞ்சவன் கை தப்பும். அதப் பாக்கத்தான் ஒரு ஆள வச்சிருக்கு. கேஜை நம்புனது சரி, கேஜை ஒரு தடவை சரி பாக்காம விட்டது என் தப்பு."

அங்கே இருந்தவர்களில் கேஜ் என்று அவர் சொன்னது யாரை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நான் சொல்ல வேண்டியது இரண்டே சொல். நான்தான் எழுதினேன். அதை மனதுக்குள் அடுக்கி வைத்துவிட்டேன். இதோ இவர் முடிக்கட்டும், இதோ அவர் முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கையில் குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, ஒரே செடிக்கு. யாரோ ஒருவர், "தோட்டம் நல்லாருக்கு, பாட்டுதான்…" என்று இழுத்தார். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். குழுவைக் கொஞ்ச நாளைக்கு வேறொருவர் பார்க்கட்டும் என்று செயலாளர் சொன்னார். சாமியார் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

தவக்காலம் முழுக்க அக்கா பூசைக்கு வந்தார். கடைசி பெஞ்சில், பெண்கள் பக்கம் ஓரத்தில் உட்கார்ந்தார். நாங்கள் பாடும்போது கோயிலே சேர்ந்து பாடும், அவர் வாய் மட்டும் மூடியிருக்கும். காதைச் சாய்ப்பதில்லை, கண்ணை மூடுவதில்லை. நேரே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் குழு அப்போது கீபோர்டுடன் பெரிய சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வரி இழுபட்டது, பெண்குரல் மேலே போய்க் கத்தியது. எனக்கே தெரிந்தது. எதுவும் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அவர் செருப்பை மாட்டும் இடத்துக்கு நடந்து போவேன். "சாப்டீங்களாக்கா" என்பேன். "ஆச்சு அண்ணாச்சி" என்பார். திரும்பி வந்து, ஒன்றும் செய்யாத செடிகளின் மேல் கத்தரிக்கோலை ஓட்டுவேன். அந்த வருடம் ரோஜாவில் பாதியை நான் கெடுத்தேன்.

ஈஸ்டர் முடிந்த மறுவாரம் ஒருவழியாகச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். வாய் குழறி, அந்தப் பாட்டை எழுதியது நான்தாங்க என்றேன். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "அது தெரியுமே. நீ உரத்துக்கு சீட்டு எழுதிக் குடுக்கிற எழுத்து எனக்குத் தெரியாதாப்பா?" என்றார். பிறகு, "அந்தம்மாவை மாத்தணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. விடு. தொட்டி நெறஞ்சுதா பாரு" என்றார்.

நான் தொட்டி நிறைந்ததா என்று பார்க்கப் போனேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. சொன்னால் போதும், சொல்லிவிட்டால் ஏதாவது நடக்கும் என்று ஏழெட்டு வாரம் பாரத்தைச் சுமந்துகொண்டு திரிந்தேன். செயலாளருக்கு அது முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டுதான் யாரு எழுதுனது என்று கேட்டிருக்கிறார், நான் வாய் திறக்க மாட்டேன் என்பதையும் கணக்கில் வைத்து. அன்றைக்கு சப்போட்டா மரத்தடியில், எல்லோர் முன்னாலும் நான் அதைச் சொல்லியிருந்தால் அவரால் தெரியாத மாதிரி இருந்திருக்க முடியாது. விருந்தினர்கள் சிரித்ததைச் சொல்லியிருப்பேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்ததைச் சொல்லியிருப்பேன். கன்னடம் தெரிந்தவன் நான் ஒருவன்தான், என் பேச்சை யாரும் மறுத்திருக்கவும் முடியாது. அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு இருந்த பலம் அன்றைக்கு மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அக்கா கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்குப் போனேன். சீருடை போட்டு, கழுத்தில் அட்டை தொங்க, இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். அவரைத் தனியாகக் கூப்பிடும் தைரியம் வரவில்லை. கூட்டத்துக்குள் போய் நின்றே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

அவர் சாலையைப் பார்த்தபடியே இருந்தார். "கோவம் இருந்துச்சு அண்ணாச்சி. தப்பா எழுதுனதுக்கு இல்ல. ஒரு ஆளாவது என் பக்கம் எந்திரிப்பான்னு நெனச்சேன்."

நின்றேன். பஸ் வந்துவிட்டது. அவர் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். கண்ணாடியைத் தள்ளித் தலையை நீட்டினார்.

"பறவைக்கு இப்ப எப்படிச் சொல்லணும்? சொல்லுங்க பாப்போம்."

"ஹக்கி."

"கேக்கல."

டிரைவர் ஹாரன் அடித்தான். பின்னால் ஒரு லாரியும் அடித்தது. நான் நெஞ்சிலிருந்து காற்றை எடுத்து, "ஹக்கி" என்று கத்தினேன். நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். அக்கா தலையை இடது பக்கம் சாய்த்துக் கேட்டார். ஏதோ சொன்னார், பஸ் கிளம்பிய சத்தத்தில் என் காதில் விழவில்லை.

அவர் மறுபடி குழுவுக்கு வரவில்லை. ஆடி மாதம் கம்பெனி அவரை வேறு ஊர் ஆலைக்கு மாற்றிவிட்டது. என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பேரவைக் கூட்டத்தில் எழுந்திருக்க வேண்டிய குரல் அது. இரண்டு மாதம் தள்ளி, ஒரு பஸ் ஸ்டாப்பில் வந்தது.